பச்சை உடம்புக்குத் தண்ணீர்

என் கணவர் கழிவறைக்குள் போனால் நான் கதவுக்கு வெளியே நின்றுகொள்வேன். உள்ளே அவர் மூச்சை அடக்குகிறாரா என்று காதுகொடுத்துக் கேட்பதுதான் என் வேலை. மூச்சு நின்று, தொண்டைக்குள்ளிருந்து கனமாக ஒரு சத்தம் எழுந்தால் கதவைத் தட்டுவேன்.

"முக்காதீங்க."

"முக்கலம்மா."

அது பொய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றும் ஆகாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவார். நெற்றியில் வேர்வை வழியும். என்னைப் பார்க்காமல் கட்டிலுக்குப் போய்விடுவார்.

அடிவயிற்றில் குடலிறக்கத்துக்காக அவருக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இது இரண்டாவது முறை. முன்பு தைத்த இடம் விட்டுப்போய்க் குடல் மறுபடியும் பிதுங்கியதால், இந்த முறை வலை வைத்துத் தைத்திருந்தார்கள். இதயம் பலவீனமானது என்பதால் மயக்க மருந்து கொடுக்கவே மிகவும் யோசித்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அறுவை மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இந்தத் தையல் நிக்கணும்மா. இன்னொரு தடவ இவர டேபிள்ல படுக்க வைக்க எனக்கு தைரியம் இல்ல."

பாரம் தூக்கக் கூடாது, இருமல் வரவிடக் கூடாது, முக்கக் கூடாது. இந்த மூன்றையும் சொல்லி அனுப்பினார். இருமலோ தும்மலோ தவிர்க்க முடியாமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்து அழுத்திக்கொள்ள வேண்டும் என்று செவிலியர் ஒருவர் செய்து காட்டினார். அன்றிலிருந்து கட்டிலில் அவருக்கு ஒரு தலையணை, அவர் வயிற்றுக்கு ஒரு தலையணை.

நான் எதையும் முறைப்படி செய்கிறவள். மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று பிரித்துப் போட்டு வைத்தேன். தண்ணீர்க் குடம், சிலிண்டர் எதுவும் அவர் கைக்கு எட்டாதபடி வீட்டையே மாற்றி அடுக்கினேன். முதல் இரண்டு கட்டளைகளையும் என் ஒழுங்குக்குள் கொண்டுவந்துவிட்டேன். மூன்றாவது மட்டும் வசப்படவில்லை. ஒரு மனிதருக்கு மலம் இளகுவதை எந்த நேர அட்டவணையில் எழுதி வைப்பது?

என் வேலை கடலூரில், ஓர் அரசு அலுவலகத்தில். வீடு சிதம்பரத்தில். காலையில் பேருந்து ஏறினால் இருட்டும் நேரத்தில்தான் திரும்புவேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோதே விடுப்பு தீர்ந்துவிட்டது. அதனால் பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்காவை வரவழைத்தோம். லால்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பம் அவருடையது. எனக்கு நாத்தனார்; அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். தன் மூன்று பெண்களுக்கும் பிரசவம் பார்த்து, பத்தியம் போட்டு, தேற்றி அனுப்பியவர். ஒரு பை நிறைய உரித்த பூண்டு, ஒரு பொட்டலம் கருவாடு, தூக்குவாளியில் நல்லெண்ணெய் ஆகியவற்றோடு வந்து இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக என் சமையலறைக்குள் போனார்.

"நீ ஆபீசுக்குப் போம்மா. எந்தம்பிய நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். அதில் குறை சொல்ல முடியாது. வேளாவேளைக்குப் பூண்டுக் குழம்பு, குழைந்த சோறு, சுட்ட கருவாடு. ஜன்னல்களைச் சாத்தி, என் கணவர் காதில் பஞ்சு வைத்து, தலையில் துண்டு கட்டி உட்கார வைத்திருந்தார். சாயங்காலம் அவரைப் பார்க்க வந்த என் தம்பி, வாசலிலேயே நின்று கண்களை அகல விரித்தான். பக்கத்துத் தெருவில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன் அவன்.

"மாமா, புள்ள எங்க? ஆணா, பொண்ணா?"

"சிரிக்க வைக்காத மச்சான், தையல் இழுக்குது" என்று என் கணவர் தலையணையை அணைத்துக்கொண்டார்.

"வயித்த அறுத்தா பச்ச ஒடம்புதான்டா. ஆம்பளைக்கு வேற வயிறா?" என்றார் அண்ணி.

நானும் சிரித்தேன். வீட்டில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அந்த வாரத்தில் அப்போது மட்டும்தான்.

நாட்கள் போகப் போக வயிறு கல்லாகிக்கொண்டு வந்தது. வலி மாத்திரை குடலை மந்தமாக்கும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். வாழைப்பழம் கொடுத்தோம். உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் கொடுத்தோம். விளக்கெண்ணெய் கொடுக்கலாம் என்று அண்ணி கிளம்பினார். மருத்துவரைக் கேட்காமல் பேதிக்கு எதுவும் கூடாது என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். என் கணவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒருநாள் தட்டை அப்படியே தள்ளிவிட்டார்.

"வேணாம்மா."

"ஏன், பசிக்கலையா?"

"பசிக்குது. உள்ள போனா வெளிய வரணுமில்ல? அதுக்கு என்னால ஆவாது."

சொல்லிவிட்டு அழுதார். எங்கள் கல்யாணத்திலிருந்து அந்த நாள் வரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவருடைய அப்பா இறந்தபோதுகூட முகத்தை இறுக்கிக்கொண்டு பந்தலுக்குக் கழி நட்டவர். மலம் வராததற்காக ஒருவர் இப்படி அழுவாரா என்று யாராவது கேட்டால், கேட்கிறவர் அந்த நிலையில் இருந்து பார்த்ததில்லை என்றுதான் சொல்வேன். பேருந்தில் போகும்போதும் வரும்போதும் எனக்கு அதே நினைப்புதான். என் மேஜையில் கோப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின. எதிர் இருக்கைப் பெண் ஏதாவது கேட்டால், அவள் கேட்டதே சற்று நேரம் கழித்துத்தான் எனக்கு எட்டும். இப்போது முக்குகிறாரோ, இப்போது தையல் பிரிகிறதோ என்றே மனம் ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவருக்குப் போன் செய்தேன். வாந்தி இருக்கிறதா, காற்றாவது பிரிகிறதா, வயிறு உப்பிக்கொண்டே போகிறதா என்று கேட்டார். காற்று பிரிகிறது, வாந்தி இல்லை என்றேன்.

"இசப்கோல் வாங்கிக் குடுங்க. தண்ணியில கலக்கி. தண்ணி நல்லா குடிக்கறாரு இல்ல?"

"குடிக்கிறார் சார்" என்றேன். தினமும் காலையில் நான் ஒரு பெரிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து பார்க்கும்போது அது காலியாக இருக்கும்.

"அப்ப சரி. ரெண்டு நாள்ல போகலன்னா நேர்ல கூட்டிகிட்டு வாங்க."

பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில் அதை வாங்கினேன். கையில் எடுத்தால் எடையே தெரியாத பொட்டலம். உள்ளே, வெளுத்த தவிடு போல ஓர் உமி. அட்டையில் பொடி எழுத்தில் இருந்ததை விளக்கடியில் வைத்து முழுவதும் படித்தேன். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்க வேண்டும். படுக்கப் போகும் நேரத்தில் கூடாது. இதையெல்லாம் அவருடைய மாத்திரை நேரங்களோடு பொருத்திப் பார்த்தால், காலையில் சிற்றுண்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில்தான் இடம் இருந்தது. அந்த நேரத்தில் நான் கடலூரில் இருப்பேன்.

ஆகவே அண்ணியிடம் சொன்னேன். டம்ளரையே எடுத்துக் காட்டிச் சொன்னேன். ஒரு ஸ்பூன், இந்த டம்ளர் நிறையத் தண்ணீர், கலக்கியவுடன் குடிக்க வேண்டும்.

"எனக்கு மருந்து குடுக்கத் தெரியாதாம்மா? நீ பஸ்ஸப் புடி" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் இருந்தபோது தம்பியிடமிருந்து போன் வந்தது. அவன் குரலில் கேலி இல்லை.

"அக்கா, மாமாவுக்கு நெஞ்சுல அடைச்சிக்கிச்சு. எச்சில கூட முழுங்க முடியல. ஓங்கரிச்சிக்கினே இருக்காரு. ஆட்டோவுல ஏத்திட்டேன்."

பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, வெளியே வர முடியாமல் திரும்பத் திரும்ப முட்டும் ஓங்கரிப்பு. ஒவ்வொரு தடவையும் தையல் மேல் ஓர் இடி.

"தலைகாணி!" என்று கத்தினேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. "தலைகாணிய எடுத்தியாடா? வயித்துல வச்சி அழுத்திப் புடி! படுக்க வைக்காத!"

"உன் அண்ணி புடிச்சிக்கினு இருக்காங்க. நீ வா."

கடலூரிலிருந்து சிதம்பரம் அப்படி ஒன்றும் தூரமில்லை. தினமும் போய் வருகிற பாதை. அன்று அந்தப் பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. ஆலப்பாக்கத்தில் ஒரு பெண் மீன் கூடையை ஏற்ற இடம் தேடிக்கொண்டே நின்றாள். புதுச்சத்திரத்தில் ஓட்டுநர் யாருடனோ பேசினார். எழுந்துபோய் அவர் காலில் விழலாமா என்றுகூடத் தோன்றியது. போன் செய்தால் தம்பி எடுக்கவில்லை. எடுக்காததற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று என் மனம் வரிசையாக அடுக்கிக்கொண்டே போனது. பி.முட்லூர் தாண்டும்போது, இனி அவர் முக்கினாலும் பரவாயில்லை, மூச்சு விட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். மடியில் ஒரு பேசின். வாயிலிருந்து எச்சில் நூலாக அதில் இறங்கிக்கொண்டிருந்தது. கண்கள் சிவந்து பிதுங்கியிருந்தன. அண்ணி தரையில் மண்டியிட்டு, தலையணையோடு சேர்த்து அவர் வயிற்றை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்திருந்தார். ஓங்கரிப்பு வரும்போதெல்லாம் முகத்தைத் தலையணையில் புதைத்து, முழு பலத்தோடு அழுத்தினார்.

"வுட்டுடாதடா தம்பி. நான் புடிச்சிக்கினு இருக்கேன். நான் புடிச்சிக்கினுதான் இருக்கேன்."

பணியில் இருந்த மருத்துவர் இளம் பெண். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். நான் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வாங்கியிருந்தேன்; ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு, தீர்ந்தால் தேவைப்படுமே என்று இன்னொன்றைப் பையிலேயே வைத்திருந்தேன்.

"எவ்வளவு தண்ணியில கலந்தீங்க?"

"ஒரு டம்ளர் நிறைய" என்றேன்.

அண்ணி தலையைத் தூக்கவில்லை. தலையணைக்குள்ளிருந்தே பேசினார். "தேன்ல கொழைச்சிக் குடுத்தேன்."

"மேல தண்ணி குடுத்தீங்களா?"

"மருந்து தின்ன ஒடனே யாராவது தண்ணி குடிப்பாங்களா? மருந்து முறிஞ்சிடாதா? அரை மணி ஆவட்டும்னு இருந்தேன்."

மருத்துவர் என்னைப் பார்த்தார். "முன்னாடி நாள் எல்லாம் தண்ணி குடிச்சிட்டு இருந்தாரா?"

"பெரிய பாட்டில் முழுசும் குடிப்பார் டாக்டர்."

இப்போது அண்ணி நிமிர்ந்தார். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை. என் அறியாமையைப் பார்த்த வியப்புதான் இருந்தது.

"அத நான் செடிக்கு ஊத்திடுவேன். பச்ச ஒடம்புக்குத் தண்ணி குடுத்தா வயிறு ஊதிடும், தையல்ல சீழ் புடிக்கும். வாய நனைக்க ரெண்டு மடக்கு குடுப்பேன், அதுவும் சுடுதண்ணி. என் மூணு பொண்ணுங்களையும் அப்பிடித்தான் தேத்தினேன்."

மாடிப் படியோரம் இருந்த செம்பருத்தி நன்றாகத் தழைத்திருந்தது எனக்கு நினைவு வந்தது.

நான் என்ன பேசினேன் என்பது முழுவதும் நினைவில்லை. "என் புருஷனக் கொல்லப் பாத்தீங்களே" என்று சொன்னது நினைவிருக்கிறது. அண்ணி தலையணையை விடாமலே திருப்பிக் கொடுத்தார்.

"உம் புருஷனாவறதுக்கு மின்ன எந்தம்பிடி அவன். எங்கம்மா போனப்புறம் எங்கையால சோறு தின்னு வளந்தவன். நான் கொல்லுவனா?"

இதற்கு நடுவே என் கணவர் ஒரு கையை உயர்த்தினார். பேச முடியவில்லை. தன் நெஞ்சைத் தட்டிக் காட்டி, பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். தனக்கும் இதில் பங்கு உண்டு என்று சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. பின்னால் குரல் வந்ததும் அதைத்தான் சொன்னார். சிறுநீர் கழிக்க எழுந்தால் தையல் இழுத்ததாம். தண்ணீர் குடிக்காமல் இருந்தது அவருக்கும் வசதியாக இருந்ததாம். அக்கா பாட்டிலைச் செடிக்கு ஊற்றியபோது பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம்.

தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். இதயத்தை நினைத்து மயக்க மருந்து வேண்டாம் என்று முடிவு செய்து, தொண்டை மரத்துப்போக மருந்து மட்டும் அடித்தார்கள். உள்ளே போகும்போது தலையணையையும் கொண்டுபோகட்டும் என்று கெஞ்சினேன். விட்டார்கள். வெளியே பெஞ்சில் அண்ணி ஒரு கோடி, நான் ஒரு கோடி. நடுவில் தம்பி. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவன் எழுந்து போய்க் காபி வாங்கி வந்தான். யாரும் குடிக்கவில்லை.

"அக்கா, நீங்க தண்ணியாவது குடிங்க" என்றான் அண்ணியிடம். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்குப் பட்டது. எழுந்து மறுபடியும் எங்கோ போய்விட்டான்.

உணவுக்குழாயில் பசை உருண்டையாக அது நின்றிருந்ததாம். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டார்கள். அந்த இளம் மருத்துவர் வெளியே வந்து எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்.

"இது தண்ணிய உறிஞ்சிக்கிட்டு ஊதற பொருள்மா. நீங்க தண்ணி குடுத்தா அதோட சேந்து குடலுக்குப் போய் மலத்த இளக்கும். குடுக்கலன்னா, எங்க ஈரம் கிடைக்குதோ அங்கயே ஊதி அடைச்சிக்கும். ஒடம்புல தண்ணியே இல்லாதவருக்கு இதக் குடுத்தா கீழயும் அடைப்பு ஜாஸ்தி ஆகும்."

அண்ணி அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார். "அப்ப தையல்ல சீழ் புடிக்காதா?"

"குடிக்கற தண்ணிக்கும் தையலுக்கும் சம்பந்தமே இல்லம்மா. பிள்ள பெத்தவங்களுக்கும் தண்ணி குடுக்கணும்."

அண்ணி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். யாரிடம் என்றில்லாமல், "பெரியவ தண்ணி கேட்டு அழுதா" என்றார்.

அறுவை மருத்துவர் வந்து தையலை அழுத்திப் பார்த்தார். ஓர் ஓரத்தில் வீக்கம் இருந்தது. அத்தனை ஓங்கரிப்பில் வந்த வெறும் வீக்கமா, உள்ளே வலை நகர்ந்துவிட்டதா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். வற்றினால் வீக்கம், வளர்ந்தால் வேறு. பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். கீழே கெட்டியாக நின்றதை எனிமா கொடுத்து எடுத்தார்கள். அடைத்து நிற்கும்போது உமி கொடுப்பதில் பயன் இல்லை என்றும், வழி திறந்த பிறகு, மறுபடி அடைக்காமல் இருக்கத்தான் அது என்றும் சொன்னார்கள். அவருடைய இதயத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் போகலாம் என்பதை இதய மருத்துவரிடம் கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, விழுங்குவது சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகு, உமியை அரை ஸ்பூனில் மறுபடி தொடங்கச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தோம். நான் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அண்ணி ஊருக்குப் போவார் என்று எதிர்பார்த்தேன், போகவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டார். என் கணவர் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டார். ஒரு சொம்பை நிரப்பி வைத்துக்கொண்டு, எழுதிக் கொடுத்த அளவுப்படி அவரைக் குடிக்க வைத்தார். என்னிடம் மட்டும் பேசவில்லை. நானும் பேசவில்லை. சமையலறையில் ஒருவர் மேல் ஒருவர் படாமல் நகரப் பழகிக்கொண்டோம்.

அந்த வீக்கத்தைத் தினமும் விரலால் தொட்டுப் பார்ப்பேன். ஒருநாள் குறைந்ததுபோல் இருக்கும். மறுநாள் அப்படியே இருப்பதுபோல் இருக்கும். விரலை நம்பவே முடியவில்லை. இதற்குள் மலம் மறுபடியும் இறுகத் தொடங்கியது. வலி மாத்திரையை நிறுத்த முடியவில்லை. மறுபடியும் நான் கதவுக்கு வெளியே, அவர் உள்ளே. மறுபடியும் அந்த மூச்சு.

உமியைத் தொடங்க வேண்டிய நாள் வந்தது. நான் அவரை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தேன். அரை ஸ்பூனை டம்ளர் நிறையத் தண்ணீரில் போட்டுக் கலக்கி நீட்டினேன். கையில் வாங்கினார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒடனே குடிக்கணும்ங்க. கெட்டியாயிடும்."

வாய் வரைக்கும் கொண்டுபோனார். தொண்டை ஏறி இறங்கியது. டம்ளரை இறக்கிவிட்டார். அதற்குள் அது கொழகொழவென்று கஞ்சியாகிவிட்டது. அதை அப்படியே கொட்டினேன். மறுபடியும் கலக்கினேன். மறுபடியும் கெட்டியானது.

"மறுபடி அடைச்சா?" என்றார். அவர் கண்ணில் பேசின் மேல் குனிந்திருந்த அதே பயம். "நெஞ்சுல நின்னுக்கினு மேலயும் வராம கீழயும் போவாம... உனக்குத் தெரியாதும்மா. எனக்கு இது வேணாம். தையல் பிஞ்சா பிஞ்சிட்டுப் போவுது."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மருத்துவர் இன்னொரு தடவை முடியாது என்று சொன்னது காதில் கேட்டது. குடிக்காவிட்டால் முக்குவார். முக்கினால் அந்த ஓரம் பிரியும். பிரிந்தால் தைக்க யாருமில்லை. இவ்வளவும் ஒரு டம்ளர் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தது. என்னால் அதை அவர் வாய்க்குள் கொண்டுபோக முடியவில்லை.

அண்ணி சமையலறையிலிருந்து வந்தார். பொட்டலத்தை எடுத்தார். இன்னொரு டம்ளரில் தண்ணீர் மொண்டு, உமியைப் போட்டு, ஸ்பூனால் வேகமாக ஒரு சுற்று சுற்றி, நின்ற வாக்கில் மடமடவென்று குடித்தார். உடனே வெறும் தண்ணீர் இன்னொரு டம்ளர். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா? எங்க அடைச்சிது?"

"அண்ணி, அது உங்களுக்கு எதுக்கு..." என்று எழுந்தேன்.

"நான் குடுத்துத்தான அவனுக்கு அடைச்சிது? நானே குடிச்சிக் காட்டறேன். தினமும் குடிக்கறேன். அவன் குடிக்கற வரைக்கும் குடிக்கறேன்." என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துத்தான் பேசினார். குரல் உடைந்தது. ஆனால் நிறுத்தவில்லை. "டேய், உக்காந்துகினு என்னா பாக்கற? ஆத்தா மாரி வளத்தவ முன்னால குடிச்சிட்டா, நீ என்னா பச்ச ஒடம்புக்காரியா?"

என் கணவர் சிரிக்கவில்லை. ஆனால் கையை நீட்டினார். நான் கலக்கினேன். அண்ணி அவர் முதுகில் கை வைத்துக்கொண்டார். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தாமல் குடித்தார். மேலே இன்னொரு டம்ளர். பிறகு நாங்கள் இருவரும் அசையாமல் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதுவும் நிற்கவில்லை. எச்சிலை விழுங்கிப் பார்த்தார். இறங்கியது. மறுபடி விழுங்கிப் பார்த்தார்.

"படுக்காத, அப்பிடியே உக்காரு" என்றார் அண்ணி. அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் அவரும் உட்கார்ந்து, கீரை ஆய ஆரம்பித்தார்.

அது ஒரே வேளையில் வேலை செய்யாது என்று சொல்லியிருந்தார்கள். முதல் நாள் ஒன்றுமில்லை. மறுநாள் வயிற்றில் உருட்டல், காற்று. அவர் பயந்தார். வலி ஏறுகிறதா, வாந்தி வருகிறதா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், இரண்டும் இல்லை. அண்ணியும் அவரும் தினமும் காலையில் எதிரெதிரே உட்கார்ந்து டம்ளரைத் தூக்கினார்கள். சாயங்காலம் வந்த தம்பி கேள்விப்பட்டு, "ரெண்டு பேரும் சேந்து இங்க சாராயக் கடையே போட்டாச்சா?" என்றான்.

அதற்கடுத்த நாள் காலை. நான் அடுப்படியில் இருந்தேன். என் கணவர் கட்டிலிலிருந்து எழுந்து, தலையணையை வயிற்றில் அணைத்தபடி, வழக்கத்தை விட வேகமாகக் கழிவறைப் பக்கம் நடந்தார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"அக்கா!"

"இருடா" என்று உள்ளேயிருந்து குரல்.

"அக்கா, சீக்கிரம் வா. வருது."

"எனக்கும்தான்டா வருது! உன்னால நானும் இதக் குடிச்சிட்டு... கொஞ்சம் இரு."

"அக்கா, முக்காமயே வருதுக்கா! வெளிய வாக்கா!"

நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அவர் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றிருந்தார். அந்த முகத்தில் வலி இல்லை. சின்னப் பிள்ளையின் அவசரம் இருந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். கதவு திறந்தது. அண்ணி புடவையைச் சரிசெய்துகொண்டே ஒதுங்கினார். அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

நான் வழக்கமான இடத்தில் நின்றேன். பக்கத்தில், ஈரக் காலோடு அண்ணியும் நின்றார். இரண்டு பேரும் மூச்சை நிறுத்திக்கொண்டு அவர் மூச்சைக் கேட்டோம்.

மூச்சு நிற்கவில்லை. ஒரே சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு நீண்ட பெருமூச்சு மட்டும். பிறகு தண்ணீர்ச் சத்தம்.

அவர் வெளியே வந்தவுடன், அங்கேயே, அண்ணி முன்னாலேயே, சட்டையைத் தூக்கித் தையலின் ஓரத்தைத் தொட்டேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது. தடுக்கவில்லை. மறுபடி தொட்டேன். அண்ணி என் கையை விலக்கித் தானும் தொட்டுப் பார்த்தார். இந்த முறை என் விரலை மட்டும் நம்ப வேண்டியிருக்கவில்லை.

"வத்திடுச்சி" என்றார் என்னிடம். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் என் முகம் பார்த்துப் பேசிய முதல் சொல் அதுதான்.

பிறகு உள்ளே போய், இரண்டு டம்ளர்களை எடுத்துக் கழுவினார். மூன்றாவதாக ஒன்றையும் எடுத்துக் கழுவி, அதில் தண்ணீர் நிரப்பி, என் கையில் கொடுத்தார்.

"நீயும் குடி. காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கலையே."